68,417-இல் நின்ற மீட்டர்

மார்ச் 3, 2024, ஞாயிறு

அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிளில் வேகமும் ஓடிய தூரமும் காட்டும் மீட்டர் நின்றுவிட்டது. முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, மீட்டரின் அடியில் உள்ள கேபிள் நட்டைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தேன். உள்கம்பியின் சதுர முனை தடையில்லாமல் சுழன்றது. ஆகவே சக்கரத்தோடு இருந்து கேபிளைச் சுற்றவைக்கும் சிறு பற்சக்கரமான பினியனும் நன்றாக இருக்கிறது, கேபிளும் நன்றாக இருக்கிறது. ஊசி மட்டும் நின்று எண்கள் ஓடியிருந்தால் சுருள்வில்லையோ காந்தத்தையோ சந்தேகிக்கலாம். இதில் இரண்டும் ஒரே நாளில் நின்றிருக்கின்றன. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. மீட்டரில் கேபிளின் சதுர முனை பொருந்த வேண்டிய துளை, நான்கு மூலைகளும் தேய்ந்து, ஏறக்குறைய வட்டமாகிவிட்டது. கம்பி உள்ளே வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கிறது.

எண் 68,417. அதற்குப் பக்கத்தில், கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் சிவப்பு எண் 3-க்கும் 4-க்கும் இடையில் நிற்கிறது.

மார்ச் 4, திங்கள்

காங்கேயத்தில் இரண்டு கடைகளிலும் ஒரே பதில்: ஆர்எக்ஸ் 100-க்குக் கம்பெனி மீட்டர் வருவதே இல்லை, லோக்கல் வேண்டுமானால் எடுத்துத் தருகிறோம்.

மார்ச் 6, புதன்

உறக்கம் வராததால் கணக்குப் போட்டேன். மீட்டர் என்று ஒன்றை வாங்கி மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று மெக்கானிக் சொல்கிறார்; அது அவ்வளவு எளிதானதல்ல என்பதை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. மீட்டருக்குச் சக்கரத்தைத் தெரியாது, கேபிள் எத்தனை முறை சுற்றுகிறது என்பது மட்டுமே தெரியும். ஒரு கிலோமீட்டருக்குக் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்றும் என்று நினைத்து அந்த மீட்டரைச் செய்தார்களோ, அத்தனை சுற்றை நம் வண்டியின் சக்கரமும் பினியனும் தந்தாக வேண்டும். தராவிட்டால் ஊசியும் பொய் சொல்லும், எண்ணும் பொய் சொல்லும்.

மாலையில் டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நான் வண்டியில் உட்கார்ந்துகொள்ள, தம்பி பின்னாலிருந்து தள்ள, வாசல் சிமெண்டுத் தரையில் ஒரு முழுச் சுற்று உருட்டி அளந்தேன். ஒரு மீட்டர் எண்பது சென்டிமீட்டர் வந்தது. 18 அங்குலச் சக்கரத்தில் 2.50 டயருக்கு அது பொருத்தமான அளவுதான். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் ஏறத்தாழ 555 முறை சுற்றும். சக்கரம் பத்து முறை சுற்றினால் கேபிள் முனை இருபத்தைந்து முறை சுற்றுகிறது. பெருக்கினால் 1,390-க்குச் சற்றுக் குறைவு. ஜப்பானிய மோட்டார் சைக்கிள் மீட்டர்களுக்கு வழக்கமாக இருக்கும் 1,400 சுற்றுக் கணக்குக்கு இது மிக அருகில் வருகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கேபிள் நிமிடத்துக்கு 1,400 முறை சுற்ற வேண்டும். இந்த ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் எந்தக் கடைக்கும் துணிந்து போகலாம்.

மார்ச் 7, வியாழன்

மருத்துவமனையில் பார்வை நேரம் முடியும்போது அப்பா கேட்டார்: "நம்பரு எத்தனைல நிக்குது கண்ணு?" சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, "அறுபத்தெட்டு நானூத்திப் பதினேழு" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டார். அதற்குமேல் வேறெதுவும் பேசவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

கோவைக்கு எப்படியும் போக வேண்டியிருந்ததால், காலையிலேயே உக்கடம் பழைய சாமான் கடைகளைப் பார்த்துவிட்டேன். ஸ்ப்ளெண்டர் மீட்டர்கள் குவியலாகக் கிடக்கின்றன, ஸ்கூட்டர் மீட்டர்கள் கிடக்கின்றன. ஆர்எக்ஸுக்கு ஒன்று கிடைத்தது. கண்ணாடி இல்லை, ஊசி இல்லை, உள்ளே மழைநீர் நின்ற துரு. கடைக்காரர் அதையும் நல்ல விலைக்கே சொன்னார். இந்த வண்டியின் எந்தத் துண்டுக்கும் இப்போது விலை ஏறிவிட்டது. 1996-இல் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு இவ்வளவு பேர் ஏங்குவது ஒருபுறம் மகிழ்ச்சிதான். ஆனால் அதை ஓட்டாமல் அலமாரியில் வைப்பதற்காக வாங்குகிறவர்களால், ஓட்டுகிறவனுக்குக் கிடைக்காமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பதிவுச் சான்று ஏப்ரல் 18-ஆம் தேதியோடு முடிகிறது. 1994-இல் எடுத்த வண்டி. முதல் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்து வருகிறோம், ஒவ்வொரு முறையும் அப்பாவே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவார். மீட்டர் ஓடாத வண்டியை ஆய்வாளர் முன் நிறுத்த எனக்கு மனமில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆவது விதி வேகமானியைப் பற்றியதுதான்.

மார்ச் 12, செவ்வாய்

இணையத்தில் வாங்கிய மீட்டர் வந்தது. பெட்டியின் மேல் 'அசல்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். தகட்டின் எழுத்துகளில் 4 என்னும் எண்ணின் கால் வளைந்திருக்கிறது. அசைத்தால் உள்ளே ஏதோ உருள்கிறது.

மார்ச் 15, வெள்ளி

கோவை கணபதியில் மாமாவின் நண்பர் ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். மீட்டரை வண்டியில் மாட்டாமலே சோதிக்க ஒரு வழி இருக்கிறது என்று அவரிடம் சொன்னபோது, முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கிணற்றுப் பம்பு மோட்டாராக இருந்தால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 2,880 சுற்று இருக்கும், அது நமக்கு ஆகாது. பட்டறையில் பெஞ்சு அரவைக்கு வைத்திருந்த நான்கு துருவ மோட்டாரின் தகட்டில் 1,440 என்று பொறித்திருந்தது. ஐம்பது சைக்கிள் மின்சாரத்தில் அது எப்போதும் ஏறத்தாழ அந்த வேகத்திலேயே சுற்றும். அப்படியானால் 1,400 கணக்கில் செய்த மீட்டர் 62-க்குச் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும்.

பழைய கேபிளின் உள்கம்பியை ஒரு முழம் வெட்டி, ஒரு முனையை மோட்டார் தண்டில் பொருத்த அவரே ஒரு புஷ் கடைந்து கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் ஊசி எழும்பவேயில்லை, பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் முளையில் முட்டிக்கொண்டு நடுங்கியது. எதிர்த்திசையில் சுற்றுகிறது என்பது புரிந்து, மூன்று பேஸில் இரண்டை மாற்றிக் கட்டினார். இப்போது ஊசி ஏறியது. ஏறி, 60-ஐத் தாண்டி, 70-ஐயும் தாண்டி, 74-இல் நின்றது. அதுவும் நிலையாக நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. பட்டறைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "இதைத் திருப்பி அனுப்பிருங்க தம்பி" என்றார். அனுப்பிவிட்டேன்.

அந்த மோட்டாரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. இந்த ஊரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் அப்படி ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும். அத்தனையும் வேகமானியைச் சோதிக்கும் கருவிகள்தான் என்று இதற்கு முன் எனக்குத் தோன்றியதில்லை.

மார்ச் 16, சனி

மீட்டர் நின்ற பிறகு வண்டி ஓடிய தூரத்தை எங்கே சேர்ப்பது?

மார்ச் 18, திங்கள்

சென்னையில் இருக்கும் மச்சான் புதுப்பேட்டையிலிருந்து படங்கள் அனுப்பினார். நான்கில் ஒன்று நம் மீட்டரேதான்: அதே வளையம், அதே எழுத்து, அதே முளை. தகடு வெயிலில் சற்று மங்கியிருக்கிறது. எண் 21,906. சதுரத் துளையை மிக அருகில் வைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். நான்கு மூலைகளும் கூர்மையாக இருக்கின்றன. வாங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கடைக்காரர் தாமாகவே, வேண்டுமானால் பூஜ்யத்துக்குத் திருப்பித் தருகிறேன் என்றாராம். வேண்டாம் என்று மச்சானிடம் அழுத்திச் சொன்னேன். யாரோ ஒருவர் எங்கோ ஓட்டிய 21,906 கிலோமீட்டர் எங்களுடையதல்ல. பூஜ்யமும் எங்களுடையதல்ல. அப்பாவின் நோட்டில் ஒவ்வொரு வரியும் மீட்டர் எண்ணில்தான் தொடங்குகிறது: எத்தனையில் செயின் மாற்றினார், எத்தனையில் எஞ்சின் சிலிண்டரைக் கடைந்து போர் போட்டார், எத்தனையில் முன் டயர் மாற்றினார் என்று முப்பது ஆண்டுகளாக எழுதியிருக்கிறார். எண் மாறிவிட்டால் அந்த நோட்டில் ஒரு வரிக்கும் பொருளிருக்காது. அடுத்த செயின் எப்போது மாற்ற வேண்டும் என்றுகூட யாராலும் சொல்ல முடியாது.

மார்ச் 21, வியாழன்

பார்சல் நேற்றிரவே பேருந்தில் ஏறியது. திருப்பூர் அலுவலகத்தில் இன்னும் இறக்கவில்லை என்கிறார்கள். தாராபுரம் சாலை முழுவதும் தீர்த்தக் காவடிகள். கொடுமுடியில் நீர் முகந்துகொண்டு பழனிக்கு நடக்கிறார்கள்.

அப்பாவுக்கு இன்று காய்ச்சல்.

மார்ச் 23, சனி

பெரியநாயக்கன்பாளையத்தில், மீட்டர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டிலேயே பழுது பார்க்கிறார் என்று பட்டறைக்காரர் சொல்லியிருந்தார். இந்தியாவில் ஓடும் எத்தனையோ இருசக்கர வாகனங்களின் மீட்டர்களைச் செய்யும் பிரிக்கால் நிறுவனம் அந்த ஊரில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரை விட்டுவிட்டு நான் வேறெங்கெல்லாமோ விசாரித்திருக்கிறேன். இரண்டு மீட்டர்களையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

திண்ணையில் வெள்ளைத் துண்டை விரித்து உட்கார்ந்தார். வளையத்தின் மடிப்பைச் சிறிய திருப்புளியால், ஒரே இடத்தில் நெம்பாமல், சுற்றிச் சுற்றி வந்து இம்மி இம்மியாக நிமிர்த்தினார். தகட்டை எடுத்ததும் அலுமினியக் கிண்ணம் தெரிந்தது. கேபிள் சுற்றும்போது காந்தம் சுற்றுகிறது; காந்தம் அந்தக் கிண்ணத்தைத் தொடுவதே இல்லை, ஆனாலும் அதில் எழும் சுழல் மின்னோட்டம் கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கிறது; தலைமுடி போன்ற சுருள்வில் அதைப் பிடித்து நிறுத்துகிறது. இழுப்பும் பிடிப்பும் சமமாகும் இடத்தில் ஊசி நிற்கிறது. 1902-இல் ஜெர்மனியில் ஓட்டோ ஷூல்ட்சே காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அதை இத்தனை அருகில் பார்த்தபோது, இவ்வளவு நாள் அதன் மேல் வெயிலும் மழையும் பட விட்டிருக்கிறோமே என்று மனம் பதறியது.

எங்கள் மீட்டரின் கிண்ணத்தைச் சுற்றிலும் கறுத்த கிரீஸ் படிந்திருந்தது. கேபிளுக்குக் கிரீஸ் வைப்பவர்கள் மேல் முனை வரை தடவிவிடுகிறார்கள், கம்பி சுற்றச் சுற்ற அது திருகாணியில் ஏறுவதுபோல் மீட்டருக்குள் ஏறிவிடுகிறது என்று விளக்கினார். "கீழ்ப்பாதிக்கு வச்சாப் போதுமுங்க, மேல கை வைக்கவே கூடாது."

எண்ணைத் திருப்பித் தரட்டுமா என்று அவரும் கேட்டார். திருப்ப வேண்டாம், எங்கள் எண் உருளைகளையே அப்படியே எடுத்து அதில் பொருத்த முடியுமா என்று கேட்டேன். சற்று நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். உருளைகள் கோத்திருந்த தண்டை ஓர் எண்கூட நகராமல், இரு விரலால் பிடித்து உருவி எடுத்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். 68,417. சிவப்பு எண் 3-க்கும் 4-க்கும் இடையில்.

எங்கள் தகடும் எங்கள் உருளைகளும், புதுப்பேட்டை மீட்டரின் தண்டும் காந்தமும் கிண்ணமும் ஒன்று சேர்ந்தன. கூலியாக அவர் கேட்டது மிகக் குறைவு. வற்புறுத்தித்தான் கூடுதலாகக் கொடுக்க முடிந்தது. திரும்பும் வழியில் கணபதியில் இறங்கி மோட்டாரில் பொருத்திப் பார்த்தோம். ஊசி ஒரே சீராக ஏறி 63-இல் நின்றது, ஆடவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

நோட்டில் மீட்டர் நின்ற நாளுக்குப் பிறகு பதினொரு லிட்டர் பெட்ரோல் போட்டதாக எழுதியிருக்கிறது. லிட்டருக்கு 45 என்று வைத்தால் 495 கிலோமீட்டர். எண்ணை 68,912 ஆக்கியிருக்க வேண்டுமோ என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். மாலையில் அப்பாவிடம் கேட்டேன். காய்ச்சல் விட்டிருந்தது. "ஓடுனது நமக்குத் தெரியும். மீட்டர் எண்ணாதத அதுல ஏத்தக் கூடாது சாமி. நோட்டுல பக்கத்துல எழுதி வெச்சிரு" என்றார். எழுதிவிட்டேன்.

மார்ச் 25, திங்கள், பங்குனி உத்திரம்

மாட்டியாகிவிட்டது. கேபிளுக்குக் கீழ்ப்பாதியில் மட்டும் கிரீஸ்.

மார்ச் 26, செவ்வாய்

விடியற்காலையில் பெருந்துறையிலிருந்து அவிநாசி நோக்கி நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தேன். மீட்டர் 60 காட்டும்போது கைபேசி 57 காட்டுகிறது. வேகமானி கூட்டிக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது. ஆகவே இது சரி. சாலையோரக் கிலோமீட்டர் கற்களில் பத்தைக் கடந்தபோது எண் உருளையும் பத்து நகர்ந்திருந்தது, சிவப்பு எண் மட்டும் ஓர் இலக்கம் பின்தங்கியிருந்தது. புது டயர் போட்டால் சுற்றளவு மாறும், அப்போது இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

ஆய்வுக்கு ஏப்ரல் 2-ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள். மீட்டருக்குள் இருக்கும் சிறு விளக்கு எரியவில்லை. பல்பா ஹோல்டரா என்று இன்றிரவு பார்க்க வேண்டும்.