சாஜு கற்பவர்கள் மாதத் தூணில் தடுக்கும் இடங்கள்

கொரிய ஜாதகமான சாஜுவில் ஆண்டு, மாதம், நாள், நேரம் என நான்கு தூண்கள். ஒவ்வொரு தூணிலும் மேலெழுத்து ஒன்று, கிளை எனப்படும் கீழெழுத்து ஒன்று, ஆக மொத்தம் எட்டு எழுத்துகள். புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் தப்பு விடுவது மாதத் தூணில்தான்.

சாஜு மாதம் சந்திர மாதமல்ல, காலண்டர் மாதமும் அல்ல. சூரியன் 15 பாகை நகரும்தோறும் ஒரு ஜோல்கி என ஆண்டுக்கு 24. அவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றாக 12 ஜோல்கிகள் மாதத்தைத் தொடங்கும். 315 பாகையில் வரும் இப்சுன், சாஜுவின் முதல் மாதமான ‘இன்’ மாதத் தொடக்கம். பெரும்பாலோர் ஆண்டுத் தூணையும் அங்கேதான் மாற்றுவார்கள், கொரியப் புத்தாண்டான சொல்லாலில் அல்ல. நம் சங்கராந்தி பழக்கத்தில் அயனாம்சத்தைக் கழித்துவிடாதீர்கள். இது சாயனக் கணக்கு, அதாவது நட்சத்திரங்களை வைத்தல்ல, பருவங்களை வைத்துச் சூரியனை அளப்பது. கொரியப் பெரியவர்கள் பிறந்தநாளைச் சந்திரத் தேதியில் சொன்னால், முதலில் அதைச் சூரியத் தேதிக்கு மாற்றுங்கள்.

எல்லையில் பிறந்தவர்களிடம்தான் சிக்கல். 2025 இப்சுன் பிப்ரவரி 3, கொரிய நேரம் இரவு 11:10. சீன அட்டவணையில் அதுவே 10:10. எந்த நாட்டு அட்டவணை என்று பார்க்காமல் எடுத்தால் ஒரு மணி நேரம் பிசகும். அன்று 11:20க்கு சியோலில் பிறந்த குழந்தைக்கு உல்-சா ஆண்டு, மூ-இன் மாதம். நேரத் தூணுக்காகச் சுமார் 32 நிமிடம் கழிப்பார்கள், ஏனென்றால் கொரியக் கடிகாரம் 135 பாகைத் தீர்க்கரேகையுடையது, சியோல் இருப்பதோ 127இல். கழித்தால் 10:48, ‘ஹே’ நேரம் (இரவு 9 முதல் 11 வரை). அந்த 10:48ஐ இப்சுனோடு ஒப்பிட்டால் போச்சு: கப்-ஜின் ஆண்டு, ஜோங்-சுக் மாதம் என இரண்டு தூண்களும் தப்பாகிவிடும். ஜோல்கி நேரமும் கடிகார நேரம்தான். அதனால் ஒப்பிடும்போது திருத்தாத நேரத்தையே எடுங்கள். 1987, 1988 போலக் கொரியாவில் கோடைக்கால நேரம் அமலில் இருந்த ஆண்டுகளின் கோடையில் பிறந்தவர்களுக்கு மட்டும் முதலில் கோடைக்கால ஒரு மணி நேரத்தைக் கழிக்க வேண்டும்.

அடுத்தது பருவ பலம். ஒவ்வொரு எழுத்தும் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்து மூலகங்களில் ஒன்றைச் சேரும். எட்டு எழுத்துகளில் மரம் எத்தனை, நீர் எத்தனை என்று எண்ணி முடிவு சொல்வது கைபேசிச் செயலிகள் பழக்கிவிட்ட சோம்பேறித்தனம். மாதக் கிளையே எடைக்கல். வசந்தத்தில் மரம் உச்சம், நெருப்பு எழும், நீர் ஓயும், உலோகம் அடங்கும், மண் நலியும். ஆகவே வசந்தத்தில் பிறந்தவரிடம் மூன்று உலோகம் இருந்தாலும் உடனே ‘பலம்’ என்று எழுதாதீர்கள்.

அதோடு ஜோஹுவையும், அதாவது தட்பவெப்பத்தையும், பாருங்கள். நீர் மரத்தை வளர்க்கும் என்பது விதி. ஆனால் டிசம்பரின் ‘ஜா’ மாதத்தில் பிறந்த ‘கப்’ மரத்துக்கு (கப் என்பது மரத்துக்குரிய ஒரு மேலெழுத்து) நீர் உறைந்து கிடக்கிறது. முதலில் தேடவேண்டியது நெருப்பு. கோடையின் ‘ஓ’ மாதத்தில் நேர்மாறு, நீரைத் தேடுங்கள்.

ஜின், மி, சுல், சுக் ஆகிய மண் மாதங்களில் அவசரம் வேண்டாம். ஜின் மாதத்தில் முதல் 9 நாள் உல் மரம், அடுத்த 3 நாள் கியே நீர், கடைசி 18 நாள்தான் மூ மண். ஜோல்கியிலிருந்து எத்தனையாவது நாள் என்று எண்ணிய பிறகே எந்த மூலகம் ஆள்கிறது என்று எழுதுங்கள். ‘இன்’ மாதத்திலும் முதல் 7 நாள் மூ மண், அடுத்த 7 ப்யோங் நெருப்பு, மீதி 16 கப் மரம். இப்சுன் தாண்டிப் பத்து நிமிடத்தில் பிறந்த அந்தக் குழந்தைக்கு மாதம் வசந்தம்தான், ஆனால் குளிர் இன்னும் விடவில்லை. மரத்தை மட்டும் பார்த்துப் பலன் எழுதினால் மாதத் தூணின் மேலெழுத்தான மூ மண்ணுக்கு அங்கே வேர் இருப்பதை, அதாவது கீழே உள்ள கிளைக்குள்ளும் அதே மண் இருப்பதைக் கோட்டைவிடுவீர்கள்.