ட்ரிப் சுவிட்ச் இருந்தது, வேலைதான் செய்யவில்லை

ஈரக்கையோடு பிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்தால் அம்மாவுக்குச் சுள்ளென்று அடிக்கும். "செருப்பைப் போட்டுக்கொண்டு திற பிள்ளை" என்பார். பல வருடமாக எங்கள் வீட்டில் இருந்த பாதுகாப்பு அந்தச் செருப்பு மட்டும்தான்.

திருகோணமலை உப்புவெளியில் இந்த வீட்டை அப்பா 1981இல் கட்டினார். 1990இல் போரால் விட்டுவிட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது செம்புக்காக வயர் முழுவதையும் உருவியிருந்தார்கள். அப்புறம் காசு வரும்போதெல்லாம் அறை அறையாக இழுத்த வயரிங்தான். சாமியறையில் பழைய நிறங்களான சிவப்பும் கறுப்பும், குசினியில் புதிய நிறங்களான பிரவுணும் நீலமும்.

இந்தப் பங்குனியில் எல்லாவற்றையும் மாற்ற முடிவெடுத்தேன். என்விகியூ என்ற தொழில் தகைமைச் சான்றிதழ் வைத்திருக்கும் ஒரு தம்பி வந்தார். மெயின் போர்டைத் திறந்ததும், "அக்கா, இங்க வந்து பாருங்க" என்றார். கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருந்தது. ஆனால் முன்பு வந்த யாரோ, அது அடிக்கடி விழுகிறது என்று, அதற்குள் போகாமல் வயரை நேரே இணைத்திருந்தார். அது விழுந்ததே பிரிட்ஜில் கரண்ட் கசிந்ததால்தான். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

எர்த் கம்பி இருக்கிறதே, போதாதா என்று கேட்டேன். தம்பி மீட்டரை வைத்து எர்த்தின் தடையை அளந்தார்: 115 ஓம். கடற்கரை மணல், ஆடி வெயிலில் இன்னும் ஏறுமாம். 230 வோல்ட்டை 115ஆல் வகுத்தால் 2 அம்பியர்; எர்த் வழியாக ஓடக்கூடிய கரண்ட் அவ்வளவுதான். 15 அம்பியர் பியூஸ் அதற்கு அசையவே அசையாது. பிரிட்ஜின் உடம்பு முழுக்கக் கரண்டோடு அப்படியே நிற்கும். எர்த்தை வீட்டு மண்ணிலேயே இறக்கும் நம் ஊர் வீடுகளுக்கு 30 மில்லி அம்பியரில் விழுகிற ட்ரிப் சுவிட்ச்தான் உயிர். இதை யாரும் எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அவரிடமே கேட்டேன். இங்கே வயரிங்குக்கு அடிப்படையாக எடுப்பது பிஎஸ் 7671 என்ற பிரித்தானிய விதிகள். புதுப் பதிப்பு வந்துவிட்டது என்பதற்காகப் பழைய வயரிங்கைப் பிடுங்கு என்று அவை சொல்வதில்லை. ஆனால் இன்று கை வைக்கிற வேலை இன்றைய விதிப்படி இருக்க வேண்டும். ஒரேயொரு பிளக் பொயின்ட் கூட்டினாலும், அதைத் தாங்க எர்த்தும் போர்டும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். வட்டக் கால் பிளக்குகளுக்கும் விடை கொடுத்தாயிற்று. நாட்டின் தரம் இப்போது சதுரக் கால் 13 அம்பியர்தான்.

மீட்டரில் சீல் இருக்கிறது, அதை நாம் உடைக்கக் கூடாது. அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் நம் பொறுப்பு.

பிளக் லைன்களுக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், லைட்டுக்குத் தனி லைன். மூடுவதற்கு முன் வயரின் உறை கரண்டைக் கசியவிடுகிறதா என்று பார்க்கும் 500 வோல்ட் மெகர் மீட்டரை வைத்தோம். குறைந்தது 1 மெகா ஓம் வேண்டிய இடத்தில் பழைய குசினி லைன் 0.2 காட்டியிருந்தது; புதியது 200க்கு மேல். பிரிட்ஜையும் திருத்தியாயிற்று.

மாதம் ஒருமுறை ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அம்மாவே அமத்துகிறார். கிணற்று மோட்டர் லைன் மட்டும் மிச்சம். மாரி மழைக்கு முன் அதையும் மாற்றிவிட வேண்டும்.