வெடிக்காத உருப்படி

அக்டோபர் 10, 2022 – லில்

மகள் வீட்டுக்கு வந்து மூன்று நாள். வடக்கு பிரான்ஸ் முழுக்கப் பெட்ரோல் பங்குகளில் வரிசை. சுத்திகரிப்பு ஆலைகளில் வேலைநிறுத்தமாம். மாப்பிள்ளை ஒன்றரை மணி நேரம் நின்று டீசல் போட்டுக்கொண்டு வந்தார். டிவியில் உக்ரைன். பாஷை புரியாவிட்டாலும் அடிக்கடி வரும் '155' புரிகிறது. பீரங்கிக் குண்டின் விட்டம், மில்லிமீட்டரில். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்களின் பீரங்கியை வாங்கிய அமெரிக்கா அந்த அளவையே தனக்கும் வைத்துக்கொண்டது. நூறு வருஷம் தாண்டியும் அளவு மாறவில்லை. அளவு என்றால் எனக்குக் காது நிமிர்ந்துவிடும். கோயம்புத்தூரில் முப்பத்து நான்கு வருஷம் இன்ஸ்பெக்ஷனில் வெர்னியரும் கையுமாகக் குப்பை கொட்டியவன். நாளை மறுநாள் சோம் ஆற்றுப் பக்கம் போகிறோம்.

அக்டோபர் 12 – லா புவாசெல்

ஆல்பர்ட் என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் லோக்நகர் பள்ளம். நூறு மீட்டர் அகலம் இருக்கும், ஆழம் இருபது மீட்டருக்கு மேல். ஜெர்மன்காரர்களின் பதுங்குகுழிக்கு அடியில் பிரிட்டிஷ்காரர்கள் சுரங்கம் தோண்டி, ஏறத்தாழ 27 டன் வெடிமருந்தை அடைத்து, 1916 ஜூலை 1 காலை 7:28க்குக் கொளுத்தியிருக்கிறார்கள். எங்கள் தோட்டத்துக் கிணறும் பாறைக்கு வெடி வைத்துத் தோண்டியதுதான். ஒரு குழி வெடிக்காமல் நின்றுவிட்டால் அன்றைக்கு முழுக்க ஒருத்தரையும் அப்பா கிணற்றுக்குள் இறங்க விடமாட்டார்.

திரும்பி வரும் வழியில், காட்டோரமாகச் சர்க்கரைப் பீட் அறுவடை செய்து வீடு உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் கம்பம். அதன் அடியில் துருப்பிடித்த மூன்று குண்டுகள், பால்காரர் வைத்துவிட்டுப்போன பாட்டில் மாதிரி. "மாப்பிள்ளை, வண்டியை நிறுத்துங்க" என்றேன். நிறுத்தினார். இறங்கி இரண்டடி வைப்பதற்குள், "மாமா, தொடாதீங்க! பக்கத்துலயும் போகாதீங்க!" ஏர் ஓட்டும்போது மேலே வருமாம். விவசாயி எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சொல்லியனுப்புவார், அரசாங்கத்து வெடி நிபுணர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். இதற்கு இங்கே 'இரும்பு அறுவடை' என்று பெயர்.

தள்ளி நின்றே பார்த்தேன். ஒன்றின் அடிப்பக்கம் செம்புப் பட்டை பச்சை பூத்து இருந்தது. பீரங்கிக் குழலின் புரிகளில் அழுந்தி குண்டைச் சுழல வைப்பது அந்தப் பட்டைதான். அதில் புரியின் தடம் தெரிந்தது. அப்படியென்றால் சுட்டிருக்கிறார்கள், பறந்து வந்து விழுந்திருக்கிறது, வெடிக்கவில்லை.

அக்டோபர் 13

இன்று எங்கும் போகவில்லை. மழை. அந்தச் செம்புப் பட்டையே கண்ணில் நிற்கிறது.

1916 ஜூலை 1, சோம் போரின் முதல் நாள். அதற்கு முன்னால் ஏழு நாள் பிரிட்டிஷ் பீரங்கிகள் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டன. எதிரே உயிரோடு ஒருவனும் மிஞ்சமாட்டான், நடந்தே போய்ப் பிடித்துவிடலாம் என்று தளபதிகள் நம்பினார்கள். முள்கம்பி வேலி பல இடங்களில் அறுபடவில்லை. போட்டதில் பெரும்பாலானவை ஷ்ராப்னல், அதாவது உள்ளே ஈயக் குண்டுகளை நிரப்பியது. திறந்த வெளியில் நிற்கும் ஆளைக் கொல்ல அது போதும். சுருள் சுருளாகக் கிடக்கும் கம்பியை அறுக்க வேண்டுமானால் சரியான உயரத்தில், சரியான நொடியில் வெடிக்க வேண்டும். ஜெர்மன்காரர்களோ சுண்ணாம்புப் பாறைக்குள் முப்பதடி ஆழத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை ஆழத்தை எட்டக்கூடிய கனரகக் குண்டுகளும் போதவில்லை. பீரங்கிச் சத்தம் நின்றதும் மேலே ஏறி வந்து இயந்திரத் துப்பாக்கியை வைத்தார்கள். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் அடிபட்டோரும் செத்தோரும் காணாமல் போனோருமாக 57,470 பேர். செத்தவர்கள் மட்டும் 19,240.

குண்டுகள் ஏன் வெடிக்கவில்லை என்பதற்கான பதில் 1915இல் இருக்கிறது. குண்டுத் தட்டுப்பாடு என்று லண்டனில் அரசாங்கமே ஆடிப்போன வருஷம் அது. அமைச்சர் லாய்ட் ஜார்ஜை வைத்துத் தளவாடங்களுக்கென்றே புது அமைச்சகம் தொடங்கினார்கள். அதுவரை குண்டையே பார்த்திராத பட்டறைகளுக்கெல்லாம் ஆர்டர் போனது. எண்ணிக்கை ஏறியது, தரம் இறங்கியது. குண்டை வெடிக்க வைக்கும் ஃப்யூஸ் என்பது கடிகாரம் மாதிரி நுணுக்கமான வேலை.

எனக்கு இதில் ஒரு சொந்தக் கணக்கு உண்டு. மாசக் கடைசி, டெஸ்பாட்ச் லாரி வாசலில் நிற்கிறது, மரையின் அளவைச் சரிபார்க்கும் த்ரெட் கேஜ் போகக்கூடாத பக்கம் போகிறது. எங்கள் ஃபோர்மேனுக்கு 'எம்டன்' என்று பட்டப்பெயர். (1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன அந்த ஜெர்மன் கப்பலின் பெயர்தான். இந்தப் போர் நம் பேச்சில் விட்டுப்போன சொல்.) "போட்டு அனுப்புய்யா, பம்ப்புதானே, தண்ணிதானே ஒழுகும்" என்பார். நானும் சீல் குத்தியிருக்கிறேன், ஒரு தடவை அல்ல. 1915இல் பர்மிங்காமிலோ லீட்ஸிலோ எவனோ ஒருத்தன் இதே மாதிரி சீல் குத்தியிருப்பான்.

கம்பியை அறுக்கும் ஃப்யூஸ் பிறகு வரத்தான் செய்தது. 106ஆம் எண், தொட்டவுடனே வெடிப்பது. 1917இல்தான் அது தாராளமாகக் கைக்கு வந்தது.

அக்டோபர் 17 – நவ்ஷாப்பெல்

லில்லிலிருந்து அரை மணி நேரம். இந்தியர் நினைவிடம். வட்டமான மதில், தாமரைத் தலையோடு ஒரு தூண், கல்லறையே கிடைக்காத 4,700க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். கர்வாலிகள், சீக்கியர்கள், கூர்க்காக்கள். வெயில் உடுப்போடு வந்திறங்கி 1914 குளிர்காலத்தை இந்தச் சேற்றில் கழித்தவர்கள். தமிழ்ப் பெயர் ஏதாவது இருக்கிறதா என்று மகள் தேடினாள். நம் பக்கத்து மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவு போய்ச் சண்டை போட்ட இடங்களில் மெசபடோமியா முக்கியமானது என்று சொன்னேன். ஒரு மணி நேரம் இருந்தோம். வேறு யாரும் வரவில்லை.

அக்டோபர் 20 – டைன் காட், பெல்ஜியம்

முதல் உலகப் போர்க் கல்லறைத் தோட்டம். மழை தூறிக்கொண்டே இருந்தது. இங்கே மண் வேறு: கெட்டிக் களிமண், தண்ணீரை உறிஞ்சாது. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டி வைத்த வடிகால்களால்தான் இது வயலாக இருந்தது. 1917 ஜூலை கடைசிக்குள் பிரிட்டிஷ்காரர்கள் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டு அந்த வடிகால்களை நொறுக்கினார்கள். ஆகஸ்டில் மழை பிடித்துக்கொண்டது. பலகைப் பாதையிலிருந்து கால் வழுக்கினால் பள்ளத்துச் சேற்றில் மூழ்கித்தான் சாவு. மனிதன், கோவேறு கழுதை என்ற பேதமில்லை. வெடித்த குண்டின் பலத்தையும் சேறு விழுங்கிக்கொண்டது.

நாற்று நடுகிறவர்களுக்கு வருகிற சேற்றுப்புண் நமக்குத் தெரியும். இங்கே வந்தது அதற்குப் பாட்டன். நாள்கணக்கில் குளிர்ந்த தண்ணீரில் நின்று கால் மரத்து, வீங்கி, அழுகி, வெட்டி எடுக்க வேண்டிய நிலைமை. திமிங்கில எண்ணெய் தடவிக் காலுறை மாற்றச் சொல்லி உத்தரவே இருந்தது. நவம்பர் 10 வரை மூன்றரை மாசம் மல்லுக்கட்டிப் பிடித்த தூரம் எட்டு கிலோமீட்டர் சொச்சம். கல்லறைகள் பன்னிரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. எட்டாயிரத்துக்கும் மேல் பெயர் இல்லாதவை.

அக்டோபர் 24 – தீபாவளி

பட்டாசு இல்லை. மகள் அதிரசம் சுட்டாள், பாகு பதம் தப்பிவிட்டது. அந்தப் போரில் பிரிட்டனில் குண்டுகளுக்குள் டி.என்.டி. வெடிமருந்து நிரப்பிய பெண்களுக்குத் தோல் மஞ்சளாகிவிடுமாம், 'கேனரிகள்' என்று கேலிப்பெயர். சிவகாசியில் அலுமினியப் பவுடர் அப்பிய கைகளைப் பார்த்தவன் நான். ராத்திரி தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 28 – கொம்பியேன்

காட்டுக்குள் ஒரு திறந்தவெளி, இரண்டு தண்டவாளம். 1918 நவம்பர் 11 விடியற்காலையில் ரயில் பெட்டிக்குள் போர்நிறுத்தக் கையெழுத்து, பதினோரு மணிக்குத்தான் அமல். இடைப்பட்ட நேரத்திலும் சுட்டுக்கொண்டேயிருந்தார்கள். 10:59க்கு ஓர் அமெரிக்கச் சிப்பாய் செத்தார். இப்போது இருப்பது அசல் பெட்டி அல்ல. 1940இல் ஹிட்லர் அதே பெட்டியில் பிரான்ஸை உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கி, ஜெர்மனிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கேயே அழிந்தது.

ஜெர்மனி தோற்றதை மாப்பிள்ளை தளபதிகளின் கணக்கில் எழுதுகிறார். எனக்கு அது ஸ்டோர் கணக்காகத்தான் தெரிகிறது. கடல் முற்றுகையால் சிலி நாட்டு வெடியுப்பு நின்றது. ஹேபர்–போஷ் முறையில் காற்றிலிருந்தே அம்மோனியா எடுத்து வெடிமருந்துக்குச் சமாளித்தார்கள். ரொட்டிக்கு அப்படி ஒரு வழி கிடைக்கவில்லை. 1916–17 குளிர்காலத்தில் மாட்டுக்குப் போடும் கிழங்கை ஜனங்கள் தின்றார்கள். 1918 கோடையில் அமெரிக்கர்கள் நாளுக்குப் பத்தாயிரம் பேர் என்று வந்திறங்கினார்கள். ஜெர்மனியில் ஆளும் இல்லை, ரப்பரும் இல்லை. ஜெயித்த பிரான்ஸில் செத்த சிப்பாய்கள் ஏறக்குறைய 14 லட்சம், தோற்ற ஜெர்மனியில் 20 லட்சம். அபராதம் 132 பில்லியன் தங்க மார்க். அதையொட்டி வாங்கிய கடனின் கடைசித் தவணையை ஜெர்மனி கட்டியது 2010 அக்டோபர் 3 அன்று. நான் ரிட்டயர் ஆன வருஷம்.

திரும்பும்போது, சுற்றுவழியானாலும் பரவாயில்லை என்று ஆல்பர்ட் பக்கமாக ஓட்டச் சொன்னேன். பீட் குவியல் போயிருந்தது. ஆலைக்கு ஏற்றிவிட்டார்கள் போல. கம்பத்தடியில் மாப்பிள்ளை வண்டியை மெதுவாக்கினார், நிறுத்தவில்லை. மூன்று இருந்த இடத்தில் ஐந்து இருந்தன.