பால் சொசைட்டியில் காலை ஆறு மணி

பதினோராம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில், ஊரில் மூன்று இடங்களை நேரில் பார்த்து அறிக்கை எழுதி வரச் சொன்னார் எங்கள் இயற்பியல் ஆசிரியர். பால் சொசைட்டி, தபால் நிலையம், தீயணைப்பு நிலையம் என்று எழுதிக் கொடுத்தேன். நாங்கள் ஈரோடு மாவட்டம். அம்மா தினமும் பால் ஊற்றும் சொசைட்டிதான், ஆனால் நான் உள்ளே போய்ப் பார்த்ததே இல்லை.

முதல் வேலை அனுமதிக் கடிதம். ஓர் அலுவலகத்தில், தலைமையாசிரியர் கையெழுத்து இருந்தும் பள்ளி முத்திரை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அரை நாள் போய்விட்டது. நீங்களும் இப்படிப் போவதாக இருந்தால் கையெழுத்து, முத்திரை, தேதி மூன்றும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கூடுதலாக இரண்டு நகலும் கையில் இருக்கட்டும்.

சொசைட்டிக்கு முதல் நாள் பத்து மணிக்குப் போனேன். கேன்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். எழுதி வைத்திருந்த கேள்விகளைப் படித்துக் காட்டினேன். செயலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "காலைல ஆறு மணிக்கு வா தம்பி, பார்த்தாத்தான் புரியும்" என்றார்.

மறுநாள் போசியோடு வரிசை நின்றது. ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் எடுத்து உயரமான குவளையில் ஊற்றி, பாலின் அடர்த்தியைக் காட்டும் மிதவையான லேக்டோமீட்டரைச் செயலாளர் மெதுவாக விடுகிறார். அது மேலும் கீழும் ஆடி நிற்கும்வரை காத்திருந்து, குனிந்து கண்மட்டத்தில் படிக்கிறார். "இருபத்தெட்டு." அப்புறம் மெஷினில் ஃபேட், அதாவது கொழுப்பு அளவு.

"அண்ணா, எதுக்குங்க ரெண்டு டெஸ்ட்?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலில்தான் வகுப்பில் படித்த அடர்த்தி எனக்குப் பிடிபட்டது. பாலில் தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும், லேக்டோமீட்டர் அதிகமாக அமிழும். ஆனால் கொழுப்பு தண்ணீரைவிட லேசானது, அதனால் ஆடையை எடுத்துவிட்டால் அடர்த்தி கூடும். ஆடையை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீர் ஊற்றினால் லேக்டோமீட்டர் பழைய இடத்திலேயே நிற்கும்! ஃபேட் பார்த்தால்தான் அது தெரியவரும்.

ஒரு அக்கா தன் ஃபேட் குறைவாகக் காட்டுகிறது என்று கேட்டதும், அந்தப் பாலைப் பழைய முறையில் சோதித்துக் காட்டினார். கழுத்து நீண்ட கண்ணாடிக் குழாயில் கந்தக அமிலம் 10 மில்லி, பால் 10.75 மில்லி, அமைல் ஆல்கஹால் 1 மில்லி. மூடிக் குலுக்கியதும் பால் கருப்பாகிவிட்டது. சூடு தாங்காமல் குழாயைத் துண்டில் சுற்றிப் பிடித்திருந்தார். ஐந்து நிமிடம் சுழற்றி எடுத்தபோது, கழுத்தில் பொன்னிறமாகக் கொழுப்பு மட்டும் தனியாக நின்றது. அக்காவே அளவைப் படித்துப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

தபால் நிலையத்துக்கும் காலையிலேயே போனேன். பை வந்து இறங்கியதும், தபால்காரர் தன் பீட்டுக்கான, அதாவது தான் சுற்றிவரும் பகுதிக்கான கடிதங்களைத் தான் நடக்கும் தெரு வரிசைப்படியே அடுக்குகிறார். பின்கோடு 1972-இல் வந்தது. முதல் மூன்று இலக்கமே கடிதம் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடும். ஈரோட்டுக்கு 638, கோவைக்கு 641. தீயணைப்பு நிலையத்தில் அதிக நேரம் இருக்க முடியவில்லை, அழைப்பு வந்து வண்டி கிளம்பிவிட்டது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் இறந்த தீயணைப்பு வீரர்களுக்காகத்தான் ஆண்டுதோறும் அந்த வாரத்தைத் தீயணைப்பு வாரமாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

அறிக்கை எழுதி முடித்த அன்று எங்கள் வீட்டுப் பால் நோட்டை எடுத்துப் பார்த்தேன். மழைக்குப் பிறகு ஃபேட் 4.2-இலிருந்து 3.6-க்கு இறங்கியிருந்தது. செயலாளரிடம் போய்க் கேட்டேன். இளம் பச்சைப்புல்லை மட்டும் தின்றால் நார்ச்சத்து போதாமல் ஃபேட் இறங்கும் என்றார். அம்மாவிடம் சொன்னேன். இப்போது புல்லோடு சோளத்தட்டும் சேர்த்துப் போடுகிறோம்.