ஒரு காசோலை, இரண்டு கையெழுத்து

2008 தேர்தல் தகராறுக்குப் பின் ஆப்பிரிக்க நாடான ஜிம்பாப்வேயில் அதிபர் முகாபேயும் எதிரணித் தலைவர் சாங்கிராயும் ஆட்சியைப் பங்கிட்டார்கள். செப்டம்பர் 15 அன்று ஒப்பந்தம். எந்தத் துறை யாருக்கு என்ற இழுபறியில் பதவியேற்பு 2009 பிப்ரவரிக்குப் போனது. உள்துறையை விட்டுத்தர இருவருக்கும் மனமில்லை, ஒரே துறைக்கு இரண்டு அமைச்சர்கள்! நிதி எதிரணிக்கு, ராணுவம் முகாபே பக்கமே.

ஏற்காடு மலை ஊராட்சிகளில் இதைச் சொன்னால் சட்டென்று புரியும். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள். இருவரும் எதிரெதிர் கோஷ்டி என்றாலும் ஊராட்சிக் காசோலையில் இருவர் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் முரண்டு பிடித்தால் குடிநீர் மோட்டார் பழுதுபார்த்தவருக்குப் பணம் நிற்கும், தொட்டியில் தண்ணீர் ஏறாது. பங்கீடு பேசும்போதே, முட்டிக்கொண்டால் யார், எத்தனை நாளில் தீர்ப்பது என்று எழுதி வாங்குங்கள்.