பி.எட் முடித்த கையோடு, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு: பெங்களூரில் இன்டர்நேஷனல் பள்ளி வேலை தேடுபவர்களுக்கு

பெயர்ப்பலகையில் இன்டர்நேஷனல் என்று இருந்தால் மட்டும் ஒரு பள்ளி இன்டர்நேஷனல் ஆகிவிடாது. பெங்களூரில் அந்தப் பெயரோடு இருக்கும் பல பள்ளிகளுக்குள் போய்ப் பார்த்தால் சிபிஎஸ்இ பாடம்தான் நடக்கும். கூடவே ஏசி வகுப்பறையும் நீச்சல் குளமும் இருக்கும். அதில் தப்பில்லை. ஆனால் எந்த போர்டு என்று பார்க்காமல் எல்லாப் பள்ளிக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால், படிப்பவர் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார். உண்மையான இன்டர்நேஷனல் பள்ளிகளில் பெரும்பாலும் நடப்பது ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) அல்லது கேம்பிரிட்ஜ் என்ற வெளிநாட்டுப் பாடத்திட்டம். இரண்டின் இணையதளத்திலும் பள்ளிகளைத் தேடும் வசதி உண்டு. முதல் வேலையாக அதில் பெங்களூரைத் தேடி, உங்கள் பட்டியலை வடிகட்டுங்கள்.

நானும் என் கணவரும் முப்பதுகளின் பாதியில் பி.எட் முடித்தவர்கள். எனக்கு ஆங்கிலம், அவருக்கு இயற்பியல். வேலை தேட ஆரம்பித்தபோது பெண் ஆறாம் வகுப்பு, பையன் யுகேஜி. இப்போது இருவருமே இங்கே வேலையில் இருக்கிறோம், வெவ்வேறு பள்ளிகளில். எங்களைப் போல வீட்டில் பிள்ளைகளோடு புதிதாக ஆசிரியர் ஆகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சம்பளத்தைக் கடைசியில் பாருங்கள். பிள்ளைக்கு இடம் உண்டா, கட்டணத்தில் எவ்வளவு குறைப்பார்கள், தினமும் எத்தனை மணி நேரம் ரோட்டில் போகும் என்ற மூன்றையும் முதலில் பாருங்கள்.

ரோட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஐபி, கேம்பிரிட்ஜ் பள்ளிகளில் பெரும்பாலானவை ஊருக்கு வெளியேதான் இருக்கின்றன. வடக்கே எலஹங்காவிலும் விமான நிலையப் பக்கமும் கனடியன் இன்டர்நேஷனல், ஸ்டோன்ஹில் போன்றவை. கிழக்கிலும் தென்கிழக்கிலும் ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபுரம் பக்கம் டிஐஎஸ்பி (தி இன்டர்நேஷனல் ஸ்கூல் பெங்களூர்), இண்டஸ், இன்வென்ச்சர், கிரீன்வுட் ஹை. தமிழர்கள் அதிகம் இருக்கும் அல்சூர், காக்ஸ் டவுன், ராமமூர்த்தி நகர், கே.ஆர்.புரம் எல்லாமே இந்த இரண்டு திசைக்கும் நடுவில். இரண்டும் பக்கம்தானே என்று தோன்றும். காலை ஏழரைக்கு வெளிவட்டச் சாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள், அப்புறம் பேசலாம். கணவனும் மனைவியும் ஆளுக்கொரு திசையில் வேலை எடுத்தால், பையனுக்குக் காய்ச்சல் என்று ஃபோன் வரும் நாளில் இருவருமே ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருப்பீர்கள். நாங்கள் கிழக்கு என்று முடிவு செய்துவிட்டுத்தான் விண்ணப்பமே போட்டோம். வடக்கே நல்ல வாய்ப்புகள் இருந்தன, தொடவில்லை.

பள்ளிப் பேருந்தில் ஆசிரியர்களும் போகலாம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்வார்கள். காலையில் அது சரி. சிக்கல் சாயங்காலத்தில். பிள்ளைகளுக்கு மூன்றரை மணிக்கு வகுப்பு முடிந்துவிடும். ஆசிரியர்களுக்கு அதற்குப் பிறகுதான் திட்டமிடல் கூட்டம், பயிற்சி, பெற்றோர் சந்திப்பு எல்லாம். அந்த ஒன்றரை மணி நேரம் ஸ்டாஃப் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று நேர்காணலின் கடைசியில் கேளுங்கள். நூலகத்தில் ஆள் போட்டிருக்கிறோம் என்று உடனே பதில் வந்தால் அந்தப் பள்ளியில் பிள்ளை உள்ள ஆசிரியர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்தது கட்டணச் சலுகை. அங்கே வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்கானது, ஸ்டாஃப் வார்டு கன்செஷன் என்பார்கள். 'எங்களிடம் கன்செஷன் உண்டு' என்ற வாய்வார்த்தையைக் கேட்டு மயங்கிவிடக் கூடாது. எத்தனை பிள்ளைக்கு? சேர்ந்த நாளிலிருந்தா, புரொபேஷன் முடிந்த பிறகா? படிப்புக் கட்டணத்துக்கு மட்டுமா, அட்மிஷன் ஃபீஸ், பேருந்து, சாப்பாடு, கேம்பிரிட்ஜ் தேர்வுக் கட்டணம் இதெல்லாம் யார் தலையில்? உதவி ஆசிரியராகச் சேர்ந்தாலும் உண்டா? நடுவில் வேலையை விட்டால், ஏற்கெனவே தள்ளுபடி செய்ததைத் திருப்பிக் கேட்பார்களா? அந்த வகுப்பில் இடம் காலியாக இருக்கிறதா? இத்தனைக்கும் பதில் ஆஃபர் லெட்டரில் எழுத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: வேலை தரும் பள்ளியே உங்கள் பிள்ளைக்குத் தரும் சலுகை, குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் சம்பளத்தோடு சேர்த்து வரிக்கு உள்ளாகும். கையில் வரும் தொகை எவ்வளவு என்று அக்கவுண்ட்ஸில் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

சலுகை முழுதாகக் கிடைத்தாலும் எல்லாப் பிள்ளைகளையும் அதே பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பிள்ளை அங்கே படிக்கும்வரை நீங்கள் வேலையை விட முடியாது. விட்டால் முழுக் கட்டணம், அது உங்கள் சம்பளத்தையே தாண்டும். அதனால் பையனை மட்டும் என் பள்ளியில் சேர்த்தேன். பெண் அவளுடைய பழைய பள்ளியிலேயே தொடர்ந்தாள். மூத்த பிள்ளையை மாற்றுவதாக இருந்தால் எட்டாம் வகுப்புக்குள் மாற்றுங்கள். கேம்பிரிட்ஜில் பத்தாம் வகுப்பு நிலையான ஐஜிசிஎஸ்இ இரண்டு வருடப் படிப்பு, இங்கே பெரும்பாலும் ஒன்பதும் பத்தும். பத்தாவதில் நுழைப்பது பிள்ளைக்குத் தண்டனை. பிளஸ் டூவுக்குச் சமமா என்று தாத்தா பாட்டி கவலைப்படுவார்கள்: ஐபி டிப்ளமாவையும் கேம்பிரிட்ஜ் ஏ லெவலையும் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம், அதாவது ஏஐயு, சமமாக ஏற்கிறது. பொறியியலோ மருத்துவமோ யோசனை இருந்தால் எந்தப் பாடங்களை எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். அனுபவமே இல்லாதவரை நேராக வகுப்பாசிரியராக எடுப்பது அரிது. உதவி ஆசிரியர், அசோசியேட் டீச்சர், லேர்னிங் சப்போர்ட் (படிப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கு), பிரசவ விடுப்பில் போனவருக்கு மாற்று, இவைதான் புதியவர்கள் நுழையும் வாசல். இயற்பியல், கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் கொஞ்சம் சுலபம். ஆங்கிலத்திலும் தொடக்க வகுப்பிலும் கூட்டம் அதிகம். நான் மாற்று ஆசிரியராகத்தான் உள்ளே போனேன். இந்தப் பள்ளிகளில் பல ஆகஸ்ட் வாக்கில் கல்வியாண்டு தொடங்குபவை. அடுத்த வருடம் இருப்பீர்களா என்று ஆசிரியர்களிடம் நவம்பர், டிசம்பரிலேயே எழுதி வாங்கிவிடுவார்கள். ஜனவரி, பிப்ரவரியில் நல்ல இடங்களை அனுபவசாலிகள் எடுத்துக்கொள்வார்கள். புதியவர்களுக்கான காலம் ஏப்ரல், மே. திடீரென்று ஒருவர் கணவரின் மாற்றலால் விலகுவார், இன்னொருவருக்கு துபாய் விசா வந்துவிடும், பள்ளிக்கு அவசரம். அந்த வாரத்தில் உங்கள் விண்ணப்பம் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் பயோடேட்டா பாணி வேண்டாம். தந்தை பெயர், மதம், கையெழுத்துக்கு மேலே 'மேற்கண்டவை உண்மை' எல்லாம் வெட்டுங்கள். பிள்ளை வளர்ப்புக்காக வேலையில்லாமல் இருந்த வருடங்களை ஒரே வரியில், ஆண்டுகளோடு சொல்லிவிட்டு நகருங்கள். 'நான் ஒரு அம்மா, அதனால் எனக்குக் குழந்தைகளைப் புரியும்' என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் அதை எழுதுகிறார்கள், தேர்வு செய்பவரும் பெரும்பாலும் ஒரு அம்மாதான். அதற்குப் பதில் பி.எட் இன்டர்ன்ஷிப்பில் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு வருட பி.எட்டில் குறைந்தது 20 வாரம் பள்ளியில் இருக்கிறோம். அதைக் கையெழுத்துக்காகக் கழிக்காமல், ஒரு வழிகாட்டி ஆசிரியர் உங்களைப் பற்றி நாலு வரி நம்பிக்கையாக எழுதும் அளவுக்குச் செய்தால், புதியவரிடம் இருக்கும் ஒரே சிபாரிசு அதுதான்.

தேர்வு செய்பவர்கள் முன்னால் நடத்திக் காட்டும் டெமோ வகுப்புதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. நாம் படித்த முறையில் வரையறையைக் கரும்பலகையில் எழுதி ஆரம்பித்தால் அங்கேயே முடிந்தது. என் கணவருக்கு ஆறாம் வகுப்புக்கு அடர்த்தி. இரண்டு கண்ணாடிக் குவளை, இரண்டு முட்டை. ஒன்று மூழ்கியது, ஒன்று மிதந்தது. ஏன் என்று கேட்டுவிட்டு அவர் வாயை மூடிக்கொண்டார். ஒரு பையன் 'அந்த முட்டை கெட்டுப்போனது சார்' என்றான். அது தப்பான பதில் என்று சொல்லிவிடத்தான் நாக்கு வரும். 'அப்படியா, எப்படிச் சோதிக்கலாம்?' என்று அவர் கேட்டார். முட்டைகளை இடம் மாற்றிப் பார்க்கலாம் என்று பையனே சொன்னான். மாற்றியதும் ஒரு குவளையில் இருந்த உப்புத் தண்ணீர் பிடிபட்டுவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் குறிப்பு எழுத ஆரம்பித்தது அந்த இடத்தில்தான். அவர்கள் நம் இயற்பியலைப் பார்க்க வருவதில்லை. தப்பாகச் சொன்ன பிள்ளையை என்ன செய்கிறோம், சீக்கிரம் முடித்தவனுக்கு என்ன வைத்திருக்கிறோம், ஆங்கிலம் தடுமாறும் பிள்ளை எப்படிச் சேர்ந்துகொள்கிறது, முடியும்போது யாருக்குப் புரிந்தது என்று நமக்குத் தெரிகிறதா, இதைத்தான் பார்க்கிறார்கள்.

நேர்காணலில் தவறாமல் வரும் கேள்வி குழந்தைப் பாதுகாப்பு. 'ஒரு மாணவி உங்களிடம் ஒன்று சொல்கிறாள், யாரிடமும் சொல்லாதீர்கள் மிஸ் என்கிறாள். என்ன செய்வீர்கள்?' ரகசியம் காப்பேன் என்பது தப்பான பதில். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவிக் கேட்கக் கூடாது. அவள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி, பள்ளியின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் அன்றே சேர்க்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே தண்டனைக்குரியது. இதைப் படித்துவிட்டுப் போங்கள். பெற்றோராக இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வியில்தான் இயல்பாகக் குரல் வரும்.

நமக்கு எத்தனை பிள்ளைகள், யார் பார்த்துக்கொள்வார்கள் என்று இங்கே பெண்களிடம் கேட்கிறார்கள். கேட்கக் கூடாதுதான். நான் ஒரு வாக்கியத்தில் ஏற்பாட்டைச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன். கணவரிடம் ஒரு பள்ளியிலும் கேட்கவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

காசு கொடுத்து 'ஐபி பயிற்சிச் சான்றிதழ்' வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேலைக்கு முன் வேண்டாம் என்பது என் கருத்து. ஐபி பள்ளிகள் தங்கள் ஆசிரியர்களைப் பயிலரங்குகளுக்கு அனுப்பியாக வேண்டும், அது பள்ளிச் செலவில் நடக்கட்டும். ஐபி-யே அங்கீகரித்த ஆசிரியர் சான்றிதழ் படிப்புகளைச் சில பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன. அந்தப் பட்டியலில் இல்லாத எதையும் தொடாதீர்கள். மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வான சிடெட் எழுதலாம். இந்தப் பள்ளிகள் அதைப் பெரும்பாலும் கேட்பதில்லை, ஆனால் கேந்திரிய வித்யாலயா போன்ற வழிகளைத் திறந்து வைக்கும்: 150 கேள்வி, தேர்ச்சிக்கு 60 சதவீதம், மொழித்தாளாகத் தமிழையும் எடுக்கலாம், சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

வெளிநாடு? இரண்டு வருடம் இங்கே வேலை பார்த்த பிறகு யோசியுங்கள். சர்ச் அசோசியேட்ஸ் போன்ற ஆசிரியர் பணியமர்வு நிறுவனங்களும், சீனா போன்ற நாடுகளின் வேலை விசா விதிகளும் கேட்பது அந்த இரண்டு வருடத்தைத்தான். கணவனும் மனைவியும் ஆசிரியர்களாக, இரண்டு பிள்ளைகளோடு போவது பள்ளிகளுக்குப் பிடித்த கணக்கு. ஒரு வீடு, இரண்டு ஆசிரியர். ஒருவர் மட்டும் ஆசிரியர், இரண்டு பிள்ளைகள் என்றால் பள்ளிக்குச் செலவு கூடும், போட்டியும் கடினம். பெங்களூர்ப் பள்ளிகளில் பிள்ளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வெளிநாட்டு விண்ணப்பத்தில் எத்தனை பேர், எந்த வகுப்பு என்பதை முதல் நாளே முழுதாகச் சொல்லுங்கள். விசா, பள்ளி இடம், விமான டிக்கெட் எல்லாம் அதை வைத்துத்தான். துபாயிலிருந்து எங்களுக்கு வந்த ஒரு ஆஃபரில் சம்பளம் நன்றாக இருந்தது, ஆனால் ஒரு பிள்ளைக்கு மட்டும் பாதிக் கட்டணம். இரண்டாவது பிள்ளையின் கட்டணத்தையும் வாடகையையும் கழித்தால் பெங்களூரில் மிஞ்சுவதுகூட மிஞ்சவில்லை. வேண்டாம் என்றோம்.

இங்கிலாந்து வழியும் இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் தகுதி பெற்ற ஆசிரியர்கள் அந்நாட்டின் ஆசிரியர் தகுதியான க்யூடிஎஸ்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் 11 முதல் 16 வயதினருக்குக் கணிதம், அறிவியல், மொழிகள் கற்பிக்கத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். அது வேலை அல்ல, தகுதிதான்.

ஏஜென்ட் விஷயத்தில் ஜாக்கிரதை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடிய உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். லட்சத்தில் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

காகித வேலையை இப்போதே ஆரம்பிக்கலாம். வெளிநாட்டு ஆவணங்களை ஒரே முத்திரையோடு ஏற்றுக்கொள்ளும் அபாஸ்டில் ஒப்பந்தத்தில் ஐக்கிய அரபு அமீரகம் இல்லை. அதனால் பட்டத்தை மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்று வரிசையாக அட்டெஸ்ட் செய்ய வேண்டும். மாநில அரசு என்றால் நீங்கள் குடியிருக்கும் மாநிலம் அல்ல, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் இருக்கும் மாநிலம். என் பி.ஏ தமிழ்நாட்டில், பி.எட் கர்நாடகத்தில், ஆக ஒன்று சென்னை வழியாக, ஒன்று பெங்களூர் வழியாக. திருமணச் சான்றிதழுக்கும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழுக்கும் இதே கதைதான். பழைய பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் ஏறாமல் இருந்தால், அதை முதலில் சரிசெய்யுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான் நகரும்.