அல்லூர் ஓரத்துக் கொடிப் பெரணி: ஒரு மாத நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3, 2024, சனி

நேற்று அறிவியல் பாடம் முடிந்து மணி அடித்த பிறகும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மூலையிலேயே நின்றுகொண்டிருந்தாள். அங்கேதான் உலர்ந்த செடிகளை ஒட்டி வைத்த தாள்கள் இருக்கின்றன. ஒன்பது வருடங்களுக்கு முன் நான் சேர்த்தவை. 14ஆம் தாளையும் 22ஆம் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, “டீச்சர், இலை வேற வேற மாதிரி இருக்கு. ஆனா தண்டு ஒண்ணா இருக்கே?” என்றாள்.

14இல் அகன்ற, பளபளப்பான இலை. “மிடின்” என்று, ஏறு கொடியாக வளரும் பெரணியின் பெயரை எழுதியிருக்கிறேன். 22இல் நூல் நூலாகத் தொங்கும் பழுப்பு இலை. அதற்கு “பெயர் தெரியாத கொடி” என்று போட்டிருக்கிறேன். இன்று காலை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இரண்டு தண்டிலும் அதே பச்சை, அங்கங்கே ஒட்டியிருக்கும் அதே கறுப்புச் செதில். பிள்ளை சொன்னது சரிதான் என்று மனசு சொல்கிறது. ஆனாலும் இரண்டு இலையும் ஒரே கொடியில் இருப்பதைக் கண்ணால் பார்க்காமல் தாளைத் திருத்த எனக்கு விருப்பமில்லை. தேடிப் போகப் போகிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

எங்கள் ஊர் மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. 2007இல் பெயர் மாறியது. அம்மாவுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஊரைச் சுற்றிச் செம்பனைத் தோட்டம், பழைய ஈய லம்பக் (சுரங்கக்) குட்டைகள், வடக்கே போனால் ராஜா மூசா சதுப்புக் காடு. மண் கறுப்பாக, மக்கி, மெத்தை மாதிரி அமுங்கும். மலாயில் தானா கம்புத் என்பார்கள். இந்தப் பெரணிக்கு இதைவிடப் பிடித்த இடம் கிடையாது.

ஏழு மணிக்கெல்லாம் அல்லூர் (தோட்டத்து வாய்க்கால்) ஓரமாக நடந்தேன். முதலில் கண்ணில் பட்டது தளிர்தான். செம்பு நிறம், ஈரப் பளபளப்பு, நுனி சுருட்டிய விரல் போல. வளர வளர அந்தச் சிவப்பு வடிந்து பச்சையாகிறது. முற்றிய இலை ஒன்றை அளந்தேன்: நீளம் 70 சென்டிமீட்டர், நடு ஈர்க்கின் இருபுறமும் 11 ஜோடிச் சிற்றிலைகள், ஒவ்வொன்றும் 14 சென்டிமீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் அகலமும். தொட்டால் தோல் போலத் தடிப்பு. ஓரத்தை விரலால் தடவினால்தான் நுண்ணிய பல் தெரிகிறது.

இன்னொன்றும் பார்த்தேன். சிற்றிலை ஈர்க்கோடு சேரும் இடத்தில், மேல் பக்கமாக, கடுகைவிடச் சிறிய சுரப்பி. இளம் இலையில் அதைச் சுற்றி எறும்பு. பூவே இல்லாத செடி, இலையில் தேன் வைத்து எறும்பைக் கூப்பிடுகிறது. வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தேன்.

பக்கச் சிற்றிலைகளுக்கு அடியில் மூட்டு உண்டு, நுனிச் சிற்றிலைக்கு இல்லை. என் 14ஆம் தாளில் காலப்போக்கில் பக்க இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து நுனி மட்டும் ஒட்டி நிற்பதன் காரணம் இன்றைக்குத்தான் புரிந்தது. பசை சரியில்லை என்றே இத்தனை வருடமாக நினைத்திருந்தேன்.

நூல் இலை எங்கும் இல்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அம்மாவிடம் பெயர் கேட்டேன். “பாக்குதான், வேற என்ன?” மலாயில் பெரணி எல்லாமே பாக்கு, ஆணிக்கும் அதே சொல். நம் வெற்றிலைப் பாக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாத தோட்டத்துப் பிள்ளை கிடையாது. இந்தக் கொடிக்கென்று தனிப் பெயரும் உண்டு: தீபகற்ப மலேசியாவில் லெமிடிங், சரவாக்கில் மிடின், கலிமந்தானில் கெலாகாய். சரவாக்கில் தளிரை பிளாச்சான் (இறால் விழுது) போட்டு வதக்குவார்கள். இங்கே சந்தையில் கட்டுக் கட்டாக விற்கிற பூச்சோக் பாக்கு வேறு பெரணி. அது கொடியாக ஏறாது, ஆற்றோரத்தில் தரையிலிருந்து நிமிர்ந்து வளரும்.

அம்மா இன்னொன்றும் சொன்னார். தாத்தா மீன் பிடிக்கிற பூபு என்ற கூண்டு கட்ட இந்தக் கொடியைத்தான் அறுத்து வருவாராம். “தண்ணியிலே கிடந்தாலும் லேசிலே மக்காது.”

ஆகஸ்ட் 10, சனி

இன்று வகைப்பாட்டைத் தாளில் எழுதி முடித்தேன். இதன் பெயர் வந்த வழி எனக்கு மிகவும் பிடித்துவிட்டது, அதனால் கொஞ்சம் விரிவாக.

டச்சுக்காரரான பர்மன் 1768இல் இதைப் பாலிபோடியம் பேரினத்தில் வைத்து, “பலுஸ்த்ரே” என்று அடைமொழி கொடுத்தார். சதுப்பில் வாழ்வது என்று பொருள். அந்தக் காலத்தில் பெரணி என்றாலே பெரும்பாலும் பாலிபோடியம் பெட்டியில்தான் போடுவார்கள். 1841இல் ஜான் ஸ்மித் ஸ்டெனோக்லீனா என்ற தனிப் பேரினத்தை அமைத்தார். பிறகு 1876இல் இந்த இனத்தை அதற்குள் கொண்டுவந்து “ஸ்டெனோக்லீனா பலுஸ்திரிஸ்” என்று நிலைநிறுத்தியவர் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம்.

பெட்டோம் சென்னை மாகாணத்து வனத்துறை அதிகாரி. ஆனைமலையிலும் நீலகிரியிலும் ஏறி இறங்கிப் பெரணி சேர்த்தவர். எங்கள் தாத்தா கப்பலேறி வந்த அதே மாகாணம். தாத்தா பூபு கட்டிய கொடிக்கு இன்றைய பெயரை நிலைநிறுத்தியவர் அந்த ஊர்க் காடுகளில் அலைந்த மனிதர் என்று அறிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அம்மாவிடம் சொன்னேன். அவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

குடும்பம் பிளெக்னேசியே. பேரினத்தில் சுமார் 7 இனங்கள். கோயிலுக்குப் பின்னால் வெட்டிய மண்மேட்டில் வளரும் பெரிய பெரணியும் இதே குடும்பம்தான். முன்பு பிளெக்னம் ஒரியன்டேல் என்றார்கள், இப்போது பிளெக்னாப்சிஸ் ஒரியன்டாலிஸ் என்கிறார்கள். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். அதன் தளிரும் சிவப்பு! அண்ணன் தங்கை முகச்சாடை மாதிரி. ஆனால் அதன் இலையைத் திருப்பினால் நடு நரம்பின் இருபுறமும் வித்துப்பைகள் (பெரணி பரவ உதவும் தூள் இருக்கும் நுண்பைகள்) நேர்கோடாக ஓடுகின்றன. மிடினில் கோடு கிடையாது, இலையின் அடிப்பக்கம் முழுவதையும் வித்துப்பைகளே மூடிவிடும் என்கிறார்கள். அதைத்தான் நான் பார்க்க வேண்டும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போன வாரம் அடையாளம் வைத்து வந்த மரத்தில் உச்சிவரை கொடி ஏறியிருந்தது. இன்று போனால் எல்லாம் கருகித் தொங்குகிறது. மருந்து அடித்துவிட்டார்கள். நெஞ்சு கனத்துப் போனது.

தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோர் அண்ணன் மோட்டாரை நிறுத்தி விசாரித்தார். “தரையிலே குத்தா நிக்கிற பெரணியை நாங்க தொடறதில்லை டீச்சர், அது மண்ணைக் காக்கும். இது மரத்திலே ஏறிக் குலையை மறைச்சிடுது. பழம் பழுத்தது வெட்டறவனுக்குத் தெரியாது.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அம்மாவும் முதுகில் மருந்துத் தோம்பு (தொட்டி) சுமந்து இதே மருந்தை அடித்தவர்தான். “ஆள் நடமாட்டமில்லாத பழைய பாரிட் (வடிகால்) பக்கம் பாருங்க” என்று வழி காட்டிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 17, சனி

கோலா சிலாங்கூர். அலையாத்திக் காட்டுப் பக்கம் போனேன். பியாய் ராயா என்ற பெரணியை நேரில் பார்த்து ஒப்பிட வேண்டியிருந்தது, ஏனென்றால் அதற்கும் வித்துப்பைகள் இலையடி முழுக்க அப்பிக் கிடக்கும். லின்னேயஸ் 1753இல் பெயரிட்ட அக்ராஸ்டிகம் ஔரியம் அது. ஆளுயரத்துக்கு மேல் புதராக நிற்கிறது, ஏறுவதே இல்லை. வித்து தரும் சிற்றிலைகள் அதே இலையின் மேல்பகுதியில் மட்டும், மற்றவற்றைவிடச் சற்றுச் சிறிதாக, அடியில் துருப் பிடித்தது போல இருக்கின்றன. குடும்பமும் வேறு, டெரிடேசியே.

பியாய் ராயா உப்புநீர் வந்து போகும் சேற்றில் உலகத்தின் வெப்ப நாடுகள் முழுவதும் உண்டு, அமெரிக்கக் கண்டத்திலும் ஆப்பிரிக்காவிலும்கூட. மிடினுக்கு அவ்வளவு பரப்பு இல்லை. இந்தியா, இலங்கை, தென் சீனம், தென்கிழக்காசியா, ஆஸ்திரேலியாவின் வடக்கு, பசிபிக் தீவுகள். நன்னீர்ச் சதுப்புதான் அதன் வீடு. அலையாத்திக்குப் பின்புறம் லேசான உப்பையும் தாங்கும். சதுப்புக் காடு எரிந்த இடத்தில் முந்திக்கொண்டு படர்வதும் இதுதான். அங்கே புதர் மண்டிப் போனால் மரக்கன்றுகளுக்கு வெளிச்சம் கிடைப்பது கஷ்டம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நாள் முழுக்க மழை. அந்தப் பிள்ளை, “கிடைச்சுதா டீச்சர்?” என்று கேட்டாள். இன்னும் இல்லை.

ஆகஸ்ட் 24, சனி

கிடைத்துவிட்டது.

பழைய பாரிட்டுக்கு அந்தப் பக்கம், மட்டை வெட்டாமல் விட்ட செம்பனை ஒன்று. தரையில் படர்ந்த கொடியில் அகன்ற இலைகள் மட்டும். தண்டைக் கையால் பிடித்துக்கொண்டே மேலே பார்த்துப் போனேன். மூன்று ஆள் உயரத்தில், வெயில் நேராக விழும் இடத்தில், அகன்ற இலைகளுக்கு நடுவே பழைய துடைப்பத்தைக் கவிழ்த்துத் தொங்கவிட்டது போல ஓர் இலை. மண்டோர் அண்ணனே அரிவாள் கட்டிய காண்டா கம்பால் மெல்ல அறுத்துக் கொடுத்தார். ஒரே தண்டு. ஒரு கணுவில் அகன்ற இலை, அடுத்த கணுவில் நூல் இலை.

நூல் இலையின் சிற்றிலை 16 சென்டிமீட்டர் நீளம், அகலம் 3 மில்லிமீட்டர்தான். அடிப்பக்கத்தில் நடு நரம்பு மட்டும் மெல்லிய கோடாகத் தெரிகிறது. மற்ற இடமெல்லாம் நெருக்கிப் பதித்த கேழ்வரகு போல வித்துப்பைகள். பச்சை வேலையெல்லாம் அகன்ற இலை செய்கிறது, இது வித்துக்கென்றே வந்த இலை. ஒன்பது வருடமாக இதைப் பெயர் தெரியாதது என்று சொல்லி நான் எத்தனை பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன்.

இரவு இரண்டு சிற்றிலைகளை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே கண்ணாடி டம்ளர் மூடி வைத்தேன். அம்மா விசிறியை நிறுத்தச் சொன்னார், தூள் பறந்துவிடும் என்று.

ஆகஸ்ட் 26, திங்கள்

தாளைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். சிற்றிலையை எடுத்ததும் அதே அளவில் இரண்டு பழுப்புக் கோடுகள், பென்சிலால் தேய்த்தது போல. “இது ஒவ்வொண்ணும் ஒரு செடியா டீச்சர்?” என்றாள். ஈரமான இடத்தில் விழுந்தால் முதலில் இதய வடிவில் நகத்தளவு பச்சைத் தகடு வரும், அதன் மேல் நீர்ப் படலம் இருந்தால்தான் கருவுற்றுப் புதுப் பெரணி முளைக்கும் என்று சொன்னேன். உடனே ஐஸ்கிரீம் டப்பாவில் கறுப்பு மண் கொண்டுவர ஓடினாள்.

புதிய தாளில் தண்டை முழுசாக ஒட்டினோம், இரண்டு இலைகளோடும். எண் 14. உதிரக்கூடிய பக்கச் சிற்றிலைகளை ஒவ்வொன்றாக நூல் போட்டுத் தைத்தோம். 22ஆம் தாளின் பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதச் சொன்னேன். குண்டு குண்டான எழுத்தில் அவளே எழுதினாள்: “14ஐப் பார்க்கவும்.”